முகம் பார்த்துக் கற்கும் பாடம்

அண்மையில் ஒரு மரண வீட்டிலே செபம் சொல்லி முடித்து வெளியே வந்தபோது, பந்தலின் ஓரத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் கைத்தொலைபேசியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். அருகிலே, அழுது வீங்கிய கண்களுடன் இறந்தவரின் மகள். அவனுக்கு மாமி முறை. பிள்ளை பொல்லாதவன் அல்லன். ஒழுங்காக வரும் பீடப்பணியாளன். மாமியின் முகத்தை அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிறருடைய துக்கத்தையும் வெட்கத்தையும் முகத்திலிருந்து அறிவது மொழியைப் போலப் பழகிப் பழகியே வருகிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வேர்ட் ட்ரொனிக் 1970களில் ஒரு பரிசோதனை நடத்தினார். குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சற்று நேரம் முகத்தில் அசைவே காட்டாமல் இருந்தாள். குழந்தை சிரித்துப் பார்த்தது, கையை நீட்டியது. பயனில்லை என்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொலைபேசியில் கண் பதித்தபடி பிள்ளையை மடியில் வைத்திருக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

கலிபோர்னியாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வொன்றும் உண்டு. பதினொரு, பன்னிரண்டு வயது மாணவர் 51 பேர் ஐந்து நாட்கள் தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி எதுவுமின்றி இயற்கைப் பாசறை ஒன்றில் தங்கினர். வேறு 54 பேர் வழக்கம்போல் பாடசாலை சென்றனர். முன்னும் பின்னும் இரு சாராருக்கும் முகப் படங்களையும் சொற்கள் நீக்கிய காட்சிகளையும் காட்டி, அவற்றில் உள்ளோரின் மனநிலை என்னவென்று கேட்டார்கள். பாசறைப் பிள்ளைகளே கூடுதலாக முன்னேறியிருந்தனர். ஐந்தே நாட்கள்!

ஆயினும், திரை இல்லாமையா, தோழரோடு கூடியிருந்தமையா இந்த நன்மையைத் தந்தது என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டாவதே பெரிது என்பது என் எண்ணம். தொலைபேசியைப் பறித்து அலுமாரியில் பூட்டிவிட்டு, பிள்ளையைத் தனியறையில் ரியூசன் கொப்பிகளோடு இருத்தினால் அவன் யாருடைய முகத்தைப் படிப்பான்? 2020, 2021இல் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, பாடத்துக்கென்று அதை அவர்கள் கையில் கொடுத்தவர்களும் நாமே.

இணைய உறவுகளை நம்பித் தனித்துப்போகும் இளையோர், சமூகத்தை விட்டொதுங்கிய துறவிகள்போல ஆகிவிடும் ஆபத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019ஆம் ஆண்டின் சமூகத் தொடர்பு நாள் செய்தியில் சுட்டிக்காட்டினார்.

சேவல் கூவிய இரவிலே யேசு திரும்பி இராயப்பரைப் பார்த்ததை லூக்கா எழுதுகிறார் (22:61). அப்போது ஒரு சொல்லும் பேசப்படவில்லை. அந்தப் பார்வை இராயப்பருக்கு விளங்கியது. வெளியே போய் அழுதார்.

அந்தச் சிறுவனை அழைத்து, மாமிக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும்படி சொன்னேன். போனவன் சற்று நேரம் அங்கேயே நின்றான். பிறகு என்னிடம் வந்து, “சுவாமி, மாமி காலமை துவக்கம் ஒண்டும் சாப்பிடேல்லைப் போல கிடக்கு” என்றான்.