டிரைவர் இல்லாத சாதனம் தேடி அலைவோர்க்கு

நம்பிக்கை: லினக்ஸ் டிரைவர் எழுதப் பழக வேண்டுமானால், எவரும் இதுவரை டிரைவர் எழுதாத ஒரு சாதனத்தை மலிவாகக் கண்டுபிடித்தாக வேண்டும்.

உண்மை: கடலூர் மாவட்டத்து மங்களூர், விருத்தாசலம் வட்டார மாணவர்களிடம் இந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் பொறுமை இழந்துவிட்டேன். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, பெயர் தெரியாத பழைய வெப்கேமரா ஒன்றை ஆசையோடு வாங்கி வந்து, கணினியில் செருகிய மறுகணமே அது ஒழுங்காக வேலை செய்துவிட, மனம் சோர்ந்துபோகும் இளைஞர்கள், அதற்குக் காரணம் யாதென்று யோசிப்பதேயில்லை. பென்டிரைவ், கீபோர்டு, வெப்கேமரா ஆகியவை பெரும்பாலும் யுஎஸ்பி பொது விதிகளின்படியே இயங்குவன. ஆதலால், தயாரித்தவர் யாராயினும், கெர்னலிலுள்ள பொது டிரைவரே அவற்றை ஏற்றுக்கொள்ளும். எந்த டிரைவருக்கும் வசப்படாத ஒன்று தப்பித்தவறிக் கிடைத்தாலும், அதற்கு டேட்டாஷீட் இராது, ஒப்பிட்டுப் பார்க்க முன்மாதிரி இராது; அது மௌனம் சாதித்தால், பிழை நிரலிலா சாதனத்திலா என்று சொல்வாரும் இரார். இதுவா ஆரம்பப் பாடம்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், சிஎச் 340 சிப் பொருத்திய அர்டுயினோ நகல் போர்டு ஒன்றை வாங்குங்கள். அதற்கென்று கெர்னலில் உள்ள சிஎச் 341 டிரைவரை இறக்கிவிட்டு, அதே தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் உரிமை கொண்டாடும் உங்கள் சொந்த டிரைவரை ஏற்றுங்கள். செருகியதும் புரோப் அழைக்கப்படுகிறதா, பாட் ரேட் கட்டளை போய்ச் சேருகிறதா, பிடுங்கியதும் நினைவகம் விடுபடுகிறதா என்று ஒவ்வொன்றையும் கெர்னல் மூலநிரலோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாம். டிரைவர் ஏற்கெனவே இருப்பதுதான் இங்கே பாக்கியம். அந்தச் செலவுக்கும் வழியில்லாதவர்க்கு, க்யூஎமு என்னும் இலவச மென்பொருளில், போதனைக்கென்றே அமைந்த 'எடு' என்ற கற்பனைப் பிசிஐ சாதனம் உண்டு. ஓர் எண்ணைக் கொடுத்தால் அதன் ஃபேக்டோரியலைக் கணக்கிட்டு, இன்டரப்ட் எழுப்பி அறிவிக்கும். டிஎம்ஏ பழகவும் இடம் தரும். அரசு தந்த மடிக்கணினியே இதற்குப் போதும்.

நம்பிக்கை: பிழையான டிரைவர் கணினியை எரித்துவிடும்.

உண்மை: பெரும்பாலும் கெர்னல் ஸ்தம்பிக்கும், அவ்வளவே. கோப்புகள் கெடக்கூடுமாதலால், மெய்நிகர்க் கணினியில் பழகுவது விவேகம்.

நம்பிக்கை: பொறியியல் பட்டதாரிகளுக்கே இது சாத்தியம்.

உண்மை: 2007ஆம் ஆண்டுக்குள் 235 வெப்கேமராக்களை லினக்ஸில் இயங்கச் செய்த மிஷேல் ஸார், பிரான்ஸ் தேசத்து மருத்துவர்.

நம்பிக்கை: 'லினக்ஸ் டிவைஸ் டிரைவர்ஸ்' நூலை வரிக்கு வரி தட்டச்சு செய்தால் போதும்.

உண்மை: 2005இல் வந்த மூன்றாம் பதிப்பு, கெர்னல் 2.6.10க்கு எழுதப்பட்டது. தத்துவங்கள் நிற்கின்றன, ஃபங்ஷன்கள் பல மாறிவிட்டன.

பீங்கான் தொழிலால் பெயர்பெற்ற விருத்தாசலப் பிரதேசத்தில் பிறந்த இந்த மாணவர்களிடம் எனக்கொரு விண்ணப்பமும் உண்டு. அந்த அர்டுயினோவில் மேக்ஸ் 6675 சிப்பையும் கே வகைத் தெர்மோகப்பிளையும் இணைத்தால், 1024 டிகிரி செல்சியஸ் வரை, கால் டிகிரி நுட்பத்தில் உஷ்ணத்தை அளக்கலாம். அதற்கு மேலும் சூடேறும் சூளைக்கு மேக்ஸ் 31855 உண்டு. நம் சூளைகளின் உஷ்ணத்தை இரவு முழுவதும் பதிவு செய்யும் டிரைவரை நம் ஊர்ப் பிள்ளைகளே எழுத வேண்டும். அதற்குத் தேவையானவை அனைத்தும் ரிச்சி தெருவில், பெயரோடும் டேட்டாஷீட்டோடும், பகிரங்கமாக விற்பனைக்கு இருக்கின்றன.