சைட் வந்தது, மெயில் எங்கே?

கேள்வி: என் டொமைனை வேறு ஹோஸ்டுக்கு மாற்றினேன். சைட் திறக்கிறது, ஜிமெயிலுக்கு ஃபார்வர்ட் ஆகிவந்த மெயில்கள் மட்டும் நின்றுவிட்டன. ஏன்?
– ஒரு வாசகர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: ஃபார்வர்டிங் பழைய ஹோஸ்டின் சர்வரில் செய்திருந்த ஏற்பாடு, டொமைனோடு கூடவே வராது. புது கன்ட்ரோல் பேனலில் அதை மறுபடி உருவாக்குங்கள். டிஎன்எஸ்ஸில், மெயில் எந்த சர்வருக்குப் போகவேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்ட் புது சர்வரைக் காட்டுகிறதா பாருங்கள். பெரும்பாலும் கோளாறு இங்கேதான். மாற்றம் எங்கும் பரவ ஓரிரு நாள் ஆகலாம். அதுவரை பழைய கணக்கை மூடிவிடாதீர்கள், உங்கள் பக்கத்து ஒரகடத்து கம்பெனி ஏதாவது அனுப்பிய பர்ச்சேஸ் ஆர்டர் அங்கே கிடக்கலாம்! ஸ்பாமையும் துழாவுங்கள். ஃபார்வர்ட் ஆன மெயில், அனுப்பும் சர்வருக்கு அனுமதி உண்டா என்று பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனையில் தோற்கக்கூடும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இதில் இன்னும் கறார். அனுப்புநர் முகவரியைத் திருத்தி அனுப்பும் எஸ்ஆர்எஸ் வசதி உண்டா என்று புது ஹோஸ்டிடம் கேளுங்கள்.