வாசலைப் பார்க்கட்டும் கேமரா

துர்க்கா பூசைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பிருந்தே எங்கள் கொல்கத்தா கிளைகளில் லாக்கர் அறைக்கு வருவோர் தொகை மிகும். விடுமுறைக்குத் தமிழகம் செல்லும் குடும்பங்கள் நகைகளை வைத்துவிட்டுப் போவது நெடுநாள் வழக்கம். அண்மைக் காலமாக அவர்களிடமிருந்து தவறாமல் எழும் கேள்வி ஒன்றுண்டு: "வீட்டில் கேமரா பொருத்தலாமா? எங்கே பொருத்துவது?" முதற் கேள்விக்கு விடை எளிது, தாராளமாகப் பொருத்தலாம். இரண்டாவதற்கே சற்று விரிவாக விடை சொல்ல வேண்டியுள்ளது.

எங்கள் லாக்கர் அறையிலிருந்தே தொடங்குவோம். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, பெட்டக அறைக்குள் நுழையும் வழி, வெளியேறும் வழி, பொதுவாகப் புழங்கும் பகுதி ஆகியவை கேமராவின் பார்வையில் இருக்க வேண்டும். பதிவுகளை 180 நாள்களுக்குக் குறையாமல் காக்க வேண்டும். நீங்கள் பெட்டியைத் திறந்து எதை வைக்கிறீர்கள், எதை எடுக்கிறீர்கள் என்பதைப் படம்பிடிப்பது இவ்விதிகளின் நோக்கமன்று. யார், எப்போது வந்தார், எப்போது சென்றார் என்பதே தேவை. வீட்டுக் கேமராவுக்கும் இந்த அளவுகோலே பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

இது வெறும் கருத்தளவில் நிற்கவில்லை; இந்நகரிலேயே நீதிமன்றம் வரை சென்றது. ஒரே வீட்டில் வாழும், அவ்வீட்டின் இணை அறங்காவலர்களுமான ஒரு குடும்பத்தினரிடையே எழுந்த வழக்கு அது. ஒரு தரப்பினர் மற்றவரின் இசைவின்றிக் குடியிருப்புப் பகுதியிலும் கேமராக்களைப் பொருத்தியிருந்தனர். மேல்முறையீட்டை விசாரித்த கல்கத்தா உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் சப்யசாச்சி பட்டாச்சார்யா, உதய் குமார் ஆகியோர் அடங்கிய அமர்வு, உடன் வாழ்வோரின் சம்மதமின்றி வீட்டின் குடியிருப்புப் பகுதிக்குள் கேமராக்களை இயக்குவது அவரது அந்தரங்க உரிமையையும், சொத்தைத் தடையின்றி அனுபவிக்கும் உரிமையையும் மீறுவதாகும் எனத் தீர்ப்பளித்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்திருந்ததே இதற்கு அடித்தளம். உயர்நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்த மனுவை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

கூட்டுக் குடும்பங்கள் தளந்தோறும் பிரிந்து வாழும் பழைய வீடுகள் இந்நகரில் ஏராளம். பொது முற்றம், பொது மாடிப்படி, பொது மொட்டைமாடி என எல்லாம் பகிரப்படும் இடங்களில் இத்தீர்ப்பு நேரடியாகத் தொடுவது நம்மில் பலரை. ஆகவே கருவி வாங்குமுன் வீட்டிலுள்ளோரிடம் பேசிவிடுங்கள். தம்பியின் குடும்பம், வாடகைக்கு இருப்பவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் ஆகிய அனைவரும் கேமரா எங்கே உள்ளது, யார் பார்ப்பார் என அறிந்திருக்க வேண்டும். எதிர்வீட்டுக் கதவு சட்டகத்தில் விழுமாயின் கோணத்தை மாற்றுங்கள். பல கருவிகளில் ஒரு பகுதியை மட்டும் கறுப்பாக மறைத்துவிடும் வசதியும் உண்டு. ஒலியைப் பதிவு செய்யும் வசதியை நாங்கள் நிறுத்தி வைக்கவே சொல்வோம். திருடன் பேசிக்கொண்டு வருவதில்லை, வீட்டார்தாம் பேசுகின்றனர்.

முதற் கேமராவுக்கு உரிய இடம் தலைவாசல். கோலாப்சிபிள் கேட் எனப்படும் மடக்கு இரும்புக் கதவுக்கு உட்புறமாக, எட்டு முதல் பத்தடி உயரத்தில், வருபவர் முகம் தெரியும்படி சற்றே சாய்த்துப் பொருத்தலாம். மிக உயர வைத்தால் தலையுச்சி மட்டுமே பதிவாகும். வெளிச்சம் பின்னாலிருந்து வருமாயின் முகம் நிழலாகிவிடும். வெள்ளைச் சுவரை ஒட்டி வைத்தால் இரவில் அகச்சிவப்பு ஒளி எதிரொளித்துப் படம் வெளுத்துப்போகும். திறந்த வெளியில் வைப்பதற்கு ஐபி 66 அல்லது 67 தரமுள்ளதை வாங்குக. நான்கு மாத மழையையும் ஏப்ரல், மே மாலைகளின் கால்பைசாகிப் புயலையும் அது தாங்க வேண்டுமே. வைஃபை கேமராக்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குவன. ரூட்டரின் அலை தடித்த செங்கற் சுவர்களைக் கடந்து வாசல் வரை எட்டுகிறதா என்பதைக் கைப்பேசியைக் கொண்டு முன்பே பார்த்துக்கொள்ளலாம்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பது எளிய கணக்கு. ஒரு கேமரா நொடிக்கு ஒரு மெகாபிட் வீதம் எழுதினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 ஜிபி ஆகும். 128 ஜிபி மெமரி கார்டு பதினொரு நாள் தாங்கும். நான்கு கேமராக்களுக்கு ஒரு டிபி ஹார்டு டிஸ்க் இருபத்து மூன்று நாள். வீதம் இரட்டிப்பானால் நாள்கள் பாதியாகும். நீங்கள் மூன்று வாரம் ஊரில் தங்குபவராயின் பதினொரு நாள் கார்டு போதாது. முதல் வாரத்தில் நிகழ்ந்தது, நீங்கள் திரும்புமுன் அழிந்திருக்கும்.

இனி, வங்கியாளர் என்ற முறையில் எங்களை மிகவும் வருத்தும் பகுதி. 2016இல் மிராய் என்னும் தீநிரல், உலகெங்கும் கேமராக்களையும் பதிவுக்கருவிகளையும் கைப்பற்றியது. அதன் கையிலிருந்த திறவுகோல், தொழிற்சாலையிலேயே இடப்பட்டு எவரும் மாற்றாமல் விட்ட அறுபதுக்கும் சற்று மேற்பட்ட பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் மட்டுமே. 2025 பிப்ரவரியில் ராஜ்கோட் நகரின் மகப்பேறு மருத்துவமனை ஒன்றில் பெண்கள் பரிசோதிக்கப்படும் காட்சிகள் களவாடப்பட்டு விற்கப்பட்ட செய்தியை வாசித்திருப்பீர்கள். நோயாளிகளைக் காக்க வைத்த கருவி அவர்களையே காட்டிக்கொடுத்தது. எனவே கருவியை இயக்கிய அன்றே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பொருத்த வந்தவர் தம் கைப்பேசி எண்ணில் கணக்கைத் தொடங்கித் தருவது இங்கே சர்வ சாதாரணம், அதற்கு இடந்தராதீர்கள். கணக்கு உங்கள் எண்ணில், உங்கள் கையால் தொடங்கப்பட வேண்டும். 2025 ஏப்ரல் 9 முதல் இந்தியாவில் தயாரிக்கப்படும், இறக்குமதியாகும் சிசிடிவி கேமராக்கள் மைய அரசு வகுத்த பாதுகாப்புத் தேவைகளுக்கு உட்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். விலை மலிவென்று பெயரற்ற பழைய சரக்கை வாங்குவோர் இந்தக் காப்பை இழக்கின்றனர்.

நீங்கள் அமர்ந்து கைப்பேசியில் பணம் அனுப்பும் மேசை எக்கேமராவிலும் விழலாகாது. உங்கள் யுபிஐ எண் அதில் பதிவாகிவிடும். கேமரா பழுதானால் இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் உதவி எண்ணை அழைத்து, அவர் சொல்லும் செயலியை நிறுவித் திரையைப் பகிர்ந்துகொள்வதும் அதே ஆபத்து. பணம் பறிபோனால் 1930 என்ற எண்ணை உடனே அழைப்பதோடு எங்களுக்கும் தெரிவியுங்கள். முதல் சில மணி நேரமே பணத்தை முடக்க ஏற்ற காலம்.

திருட்டு நேர்ந்துவிட்டால் பதிவின் மீது கை வைக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் சான்றிதழும் ஹாஷ் மதிப்பும் கோருகிறது. எனவே மூலப் பதிவுள்ள கார்டையோ கருவியையோ அப்படியே காவலரிடம் ஒப்படைத்து, ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்ஆப்பில் சுற்றிவந்த சுருங்கிய படத்துக்கு அந்த வலு இல்லை. கருவியின் கடிகாரம் சரியாக ஓடுவதும் இதற்கு இன்றியமையாதது. பலரது கருவிகளில் நேரம் தவறியிருப்பதைக் கண்டிருக்கிறோம்.

காப்பீட்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வீட்டுக்கடனோடு பலரும் எடுக்கும் பாரத் கிருஹ ரக்ஷா திட்டம், தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானது. திருட்டை, அத்தகைய நிகழ்வு ஒன்றை ஒட்டி ஏழு நாள்களுக்குள் நேர்ந்தால் மட்டுமே அது ஏற்கும். பூட்டுடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாதுகாப்பு எடுக்க வேண்டும். அதை எடுத்தாலன்றி, கேமராவில் திருடன் முகம் தெளிவாக விழுந்தாலும் இழப்பு உங்களுடையதே.

ஊருக்குப் புறப்படுமுன் ஒரு மாலை நேரம் ஒதுக்கிச் சோதித்துவிடுங்கள். மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தால், இன்வெர்ட்டரில் கேமரா ஓடுகிறதா, ரூட்டரும் ஓடுகிறதா என்பது தெரியும். ரூட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்க மறப்பவர் மிகப் பலர். பின்னர் உறவினர் ஒருவரை வாசற்படியில் நடக்கச் சொல்லி, பதிவில் அவர் முகத்தைத் தேடிப் பாருங்கள்.