தமிழ்ப் புவியமைப்பியல் கலைச்சொற்களில் பொருள்மயக்கம்: ஐந்து சொற்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

புவியமைப்பியல், கனிமவியல், சுரங்கவியல் ஆகிய துறைகளுக்குரிய தமிழ்க் கலைச்சொற்களுள் சில, துறைக்குத் துறையும் நாட்டுக்கு நாடும் வேறுவேறு பொருளில் வழங்குகின்றன. புவியியல், கனிமம், தாது, காரீயம், சுரங்கம் ஆகிய ஐந்து சொற்களின் ஆட்சியை ஆராய்ந்து, அவற்றில் தோன்றும் மயக்கத்தின் தன்மையையும் அதனை நீக்கும் வழியையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல், பொருள்மயக்கம், கனிமம், தாது, காரீயம், சுரங்கம்.

முன்னுரை

ஒரு கலைச்சொல் ஒரு கருத்தை மட்டுமே உணர்த்துதல் வேண்டும் என்பது கலைச்சொல்லாக்கத்தின் முதன்மை நெறி. சொற்களின் பற்றாக்குறை குறித்துப் பலரும் பேசியுள்ளனர். ஆயின், இருக்கும் சொல்லே இருபொருள் தரும்போது நேரும் இடர்ப்பாடு போதிய கவனம் பெறவில்லை. இல்லாத சொல்லைப் படிப்பவர் தேடிக் கண்டறிவார். தெரிந்த சொல்லையோ ஐயுறாமல் தவறாகப் புரிந்துகொள்வார்.

புவியியல்

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்களில் புவியியல் என்பது நாடு, காலநிலை, மக்கள்தொகை முதலியவற்றை விளக்கும் பாடத்தின் பெயர். அதே மாநிலத்தில் குவாரி உரிமங்களைக் கையாளும் அரசுத்துறை ‘புவியியல் மற்றும் சுரங்கத்துறை’ என வழங்கப்பெறுகிறது. இங்குப் புவியியல் என்பது பாறைகளையும் கனிமங்களையும் ஆராயும் அறிவியலைக் குறிக்கிறது. இலங்கையில் இவ்விரண்டும் புவியியல், புவிச்சரிதவியல் எனத் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. தமிழ்நாட்டிலும் புவியமைப்பியல், நிலவியல் ஆகிய சொற்கள் உள்ளன. அவை நிறுவனப் பெயர்களில் நிலைபெறவில்லை.

கனிமமும் தாதுவும்

இயற்கையில் தோன்றி, வரையறுத்த வேதியியைபும் படிக அமைப்பும் கொண்ட திண்மமே கனிமம். ஓர் உலோகத்தை இலாபகரமாகப் பிரித்தெடுக்க இடந்தரும் கனிமமோ கனிமத்தொகுதியோ தாது எனப்படும். களிமண்ணிலும் அலுமினியம் உண்டு. எனினும் அலுமினியத்தின் தாதுவாகக் கொள்ளப்படுவது பாக்சைட்டே. எனவே கனிமம் இயற்கை சார்ந்த வகைப்பாடு. தாது பொருளாதாரம் சார்ந்த வகைப்பாடு. உலோகத்தின் விலையும் பிரித்தெடுக்கும் நுட்பமும் மாறும்போது, இன்று தாதுவாக இல்லாதது நாளை தாதுவாகலாம்.

இவ்வேறுபாட்டைப் பிறதுறை வழக்குகள் மங்கச் செய்கின்றன. ஊட்டச்சத்தியல் ‘தாது உப்புகள்’ என்னும்போது தாது என்பது கனிமத்தையே குறிக்கிறது. சித்த மருத்துவத்தில் உடலின் ஏழு கட்டுகள் தாதுக்கள் எனப்படுகின்றன. மேலும், தமிழ்நாட்டில் ‘கனிம வேதியியல்’ என்பதில் கனிமம், கரிமம் அல்லாதது என்னும் பொருளைத் தருகிறது. இலங்கை வழக்கு இவ்விடத்தில் அசேதனம், கனியம் என இரு சொற்களைக் கையாண்டு மயக்கத்தைத் தவிர்க்கிறது.

காரீயம்

கரிய ஈயம் என விரியும் இச்சொல், தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அணு எண் 82 உடைய உலோகத்தைக் குறிக்கும். வெள்ளீயத்தினின்று அதனை வேறுபடுத்துவதே இதன் நோக்கம். இலங்கையில் போகல, கஹட்டகஹ முதலிய சுரங்கங்களில் கிடைக்கும் பொருளும் காரீயம் என்றே வழங்குகிறது. அது கார்பனின் வடிவமாகிய கிராஃபைட். முன்னதன் அடர்த்தி நீரைப் போல் 11 மடங்குக்கும் மேல். பின்னதன் அடர்த்தி ஏறத்தாழ 2.2 மடங்கு. முன்னது நச்சுத்தன்மை உடையது. பின்னது பென்சில் முனையாகக் குழந்தைகளின் கையில் தவழ்வது.

இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பியரும் கிராஃபைட்டைக் கரிய ஈயம் என்றே அழைத்தனர். பிளம்பாகோ என்னும் பழைய பெயரிலும் ஈயத்தின் இலத்தீன் பெயர் அடங்கியுள்ளது. அது கார்பன் வகையே என 1779-இல் ஷீலே காட்டினார். 1789-இல் வெர்னர், எழுதுதல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகக் கிராஃபைட் என்னும் பெயரைச் சூட்டினார். அறிவியல் தெளிவடைந்த பின் பெயரும் திருத்தப்பட்டது. தமிழில் அத்திருத்தம் இரு நாடுகளிலும் ஒருசேர நிகழவில்லை.

சுரங்கம்

பொதுவழக்கில் சுரங்கம் என்பது நிலத்தடி வழி. சுரங்கப்பாதை என்னும் ஆட்சி இதற்குச் சான்று. அதனால் நெய்வேலியின் ‘திறந்தவெளிச் சுரங்கம்’ முரண்தொடர் போல் தோன்றுகிறது. இம்முரண் சொல்லளவில் நிற்பதன்று. 2025 வரை நடைமுறையிலிருந்த இந்தியாவின் 1952-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம், கனிமம் தேடவோ பெறவோ மேற்கொள்ளும் அகழ்வைச் சுரங்கம் என வரையறுத்து, திறந்தவெளி அகழ்வையும் அதில் அடக்கியது. ஆகவே, அச்சட்டம் விலக்களித்த சில சிறு அகழ்வுகள் நீங்கலாக, கல்குவாரித் தொழிலாளியும் சுரங்கத் தொழிலாளியாகவே கொள்ளப்பட்டார். வேலைநேரம், பாதுகாப்பு, மருத்துவம் பற்றிய அச்சட்டத்தின் காப்புகள் அவருக்கும் உரியனவாக இருந்தன. குவாரி வேறு, சுரங்கம் வேறு எனக் கருதிய தொழிலாளி, தமக்குரிய சட்டத்தைப் பிறர்க்குரியதாக எண்ணிக் கடந்துவிட நேர்ந்திருக்கும். கலைச்சொல்லின் பொருளெல்லை உரிமையின் எல்லையாகவும் அமைவதை இச்சான்று காட்டுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஐந்து சொற்களும் வழக்கில் வேரூன்றியவை. அவற்றை விலக்குதல் இயலாது. மயக்கத்தை நீக்க மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பாறை அறிவியலுக்குப் புவியமைப்பியல் என்பதையே நிறுவனப் பெயர்களிலும் ஆளுதல். இரண்டாவது, கிராஃபைட் போன்ற உலகப் பொதுப்பெயர்களைத் தமிழ் எழுத்தில் ஏற்று, காரீயத்தை உலோகத்திற்கே உரியதாக்குதல். மூன்றாவது, சட்ட ஆவணங்களில் சுரங்கம் வருமிடத்துத் திறந்தவெளி அகழ்வும் அடங்கும் என விளக்கம் தருதல். கலைச்சொல் அகராதிகள் சொல்லுக்கு நேர்ச்சொல் தருவதோடு, அது வழங்கும் நாட்டையும் துறையையும் பொருளெல்லையையும் குறித்தல் இன்றியமையாதது.