கத்திரியில் காதுகுத்தா?

கோடை லீவில்தான் சொந்தபந்தம் ஒன்றுகூடும். அதனால் வளையமாதேவிப் பக்கம் மொட்டையையும் காதுகுத்தையும் மே மாதத்திலேயே வைத்துவிடுகிறோம். மே 4 வாக்கில் கத்திரி தொடங்கிவிடும். காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். மொட்டைக்குப் புது பிளேடு போடச் சொல்லுங்கள். கூட்டத்தில் யார் எதை ஊட்ட வந்தாலும், 6 மாதம் நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும்தான். வெயிலுக்கும் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும்.

விழா முடிந்து பிள்ளை வளரும்போது, அதன் உயரத்தைச் சுவரில் குறிக்காதீர்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போகிற பகுதி இது. அந்தச் சுரங்கத்துக்காக 2023 ஜூலையில் நெற்பயிர் நின்ற வயலிலேயே வாய்க்கால் வெட்ட இயந்திரம் இறங்கியது. எங்கள் மகளுக்கு ஒரு மரச்சட்டத்தில் தேதியோடு கோடு போடுகிறோம். எங்கே குடிபோனாலும் அது கூடவே வரும்.

உயரத்தைப் போலவே நடையையும் கவனியுங்கள். 18 மாதமாகியும் நடக்காத பிள்ளையை, ‘மெதுவா நடக்கட்டும்’ என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.