பி.எட். கல்லூரி ஆசிரியர்களே, தனித்தனியாக நிற்காதீர்கள்

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குச் சங்கங்கள் பல. அரசு உதவிபெறும் கல்லூரி ஆசிரியர்களுக்கு மூட்டா சங்கம் இருக்கிறது. பள்ளி ஆசிரியர்களை உருவாக்கி அனுப்பும் சுயநிதி பி.எட். கல்லூரி ஆசிரியர்களுக்கோ, இரண்டு மாதச் சம்பளம் நின்றுபோனால் யாரிடம் சொல்வது என்றே தெரிவதில்லை. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்திலும் நிலைமை இதுதான். இணைப்பு தரும் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் சென்னையில் இருக்கிறது. பொதிகை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு போக வேண்டும்.

தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அப்போதைய தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் ‘தொழிலாளி’ ஆகமாட்டார் என்று 1988-இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பஞ்சாலைத் தொழிலாளிக்குத் திறந்திருந்த அந்தக் கதவு உங்களுக்கு அன்றே சாத்தப்பட்டது. அதனால்தான் சேர்ந்து நிற்பது மற்றவர்களைவிட உங்களுக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முதல் வேலை, விதியைக் கையில் எடுப்பது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 50 பேர் கொண்ட இரண்டு பிரிவுகள், இரண்டு ஆண்டுகளுக்குமாக 200 மாணவர்கள் என்றால் முழுநேர ஆசிரியர்கள் 16 பேர் வேண்டும் என்கிறது அது. சம்பளம் வங்கிக் கணக்கு வழியாகவோ காசோலையாகவோதான் வர வேண்டும். ஆசிரியர்களின் பெயர், தகுதி, ஊதிய விகிதம், புகைப்படம் எல்லாவற்றையும் கல்லூரி தன் இணையதளத்தில் போட்டிருக்க வேண்டும். உங்கள் கல்லூரிப் பக்கத்தை இன்றைக்கே திறந்து பாருங்கள். ஆய்வு வரும் நாளுக்கு மட்டும் பெயர் கொடுக்கச் சொல்லி வேறு கல்லூரியிலிருந்து கேட்டால், எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கும் ஒவ்வொரு பெயரும் வேலை தேடி அலையும் ஒரு எம்.எட். பட்டதாரியின் இடத்தை அடைக்கிறது.

நியமன ஆணை, சம்பளச் சீட்டு, வங்கிப் பாஸ்புக் நகல் மூன்றையும் ஒரு ஃபைலில் போட்டு வீட்டில் வையுங்கள். அசல் சான்றிதழைக் கேட்டால் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். தவிர்க்கவே முடியாமல் கொடுக்க நேர்ந்தால், கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்புகை இல்லாமல் கொடுக்காதீர்கள். பணிக்கொடை விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்த தனியார் நிறுவன ஆசிரியருக்கும் அது உண்டு. 2009-இல் வந்த சட்டத் திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2022-இல் உறுதிசெய்தது. கடைசி மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கான தொகை. 26,000 ரூபாய் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 15,000. பத்து ஆண்டு என்றால் ஒன்றரை லட்சம். வேலையை விடும்போது இதை எழுத்தில் கேளுங்கள்.

சம்பளத்துக்காக மட்டும் கூடினால் அந்தக் கூட்டம் நீடிக்காது. தொழிலுக்காகவும் பேச வேண்டும். பள்ளிப் பயிற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுகளில் 20 வாரம் மாணவ ஆசிரியர்கள் பள்ளியில் இருக்க வேண்டும். ஆள் பற்றாத கல்லூரியில் என்ன நடக்கிறது? முதல் பீரியடில் ஒரு பள்ளி, மூன்றாவது பீரியடில் இன்னொரு பள்ளி. கடைசி பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்து, பாடக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் ‘கரும்பலகை வேலை நன்று’ என்று எழுதிவிட்டு ஓட வேண்டியிருக்கிறது. பயிற்சிக்கு வந்த பெண் வகுப்பை அடக்க முடியாமல் திணறியதைப் பற்றிப் பேச நேரமே இல்லை. இரு ஊர்க் கல்லூரிகளும் கலந்து பேசிப் பள்ளிகளைப் பிரித்துக்கொண்டால் இந்த ஓட்டம் பாதியாகக் குறையும். தலைமையாசிரியர்களும் நிம்மதி அடைவார்கள். என்னைக் கேட்டால், முதல் கூட்டத்தில் பேச இதைவிட நல்ல விஷயம் இல்லை.

அடுத்து, பள்ளி ஆசிரியர்களோடு கைகோத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும், நீண்ட நாள் பணியில் இருப்பவர்கள் கலங்கிப்போனார்கள். உளவியலும் கற்பித்தல் முறையும் நீங்கள் தினமும் நடத்தும் பாடம். சனிக்கிழமைகளில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். நாளைக்கு உங்கள் கோரிக்கைக்குத் தோள் கொடுக்க அவர்கள் வருவார்கள்.

பெரிய மாற்றம் ஒன்றும் தலைக்கு மேல் இருக்கிறது. தனித்து இயங்கும் பி.எட். கல்லூரிகள் 2030-க்குள் பல்துறைக் கல்லூரிகளாக வேண்டும் என்கிறது 2020 தேசியக் கல்விக் கொள்கை. தமிழக அரசு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் உங்கள் வேலை சிக்கி நிற்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2025 பிப்ரவரியில் புதிய வரைவு விதிகளை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. இனி அப்படி வரும்போது ஒரே கடிதமாக, அத்தனை பேரும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். பதில் வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.

சங்கம் பதிவதும் கடினமில்லை. 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். மாவட்டப் பதிவாளரிடம் பதியலாம். ஒரே கல்லூரியிலிருந்து ஏழு பேரைச் சேர்க்காதீர்கள். நிர்வாகத்தின் நெருக்கடி வந்தால் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பின்வாங்குவார்கள். இரு ஊரிலுமாக நாலைந்து கல்லூரிகளிலிருந்து எடுங்கள். ஒரு மாதம் ராஜபாளையத்தில், மறு மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கூடுங்கள். பஸ்ஸில் அரை மணி நேரம்தான். செமஸ்டர் முடியும்வரை காத்திருக்காமல் இந்த ஞாயிற்றுக்கிழமையே முதல் ஏழு பேரைக் கூப்பிடுங்கள்.