கத்திரி வெயிலுக்கு ஏற்காடு: முதல்முறை போவோருக்கான முழு வழிகாட்டி

சென்னையில் ராத்திரி பத்து மணிக்கும் மொட்டை மாடித் தரை சுடுகிறதா? இரண்டு நாள் லீவு கிடைத்தாலும் போதும், பெட்டியைக் கட்டிவிடலாம். மலைப்பயணம் என்றாலே பெரிய செலவு என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு படியாகச் சேர்ந்தே போவோம்.

ஏன் ஏற்காடு?

சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஏற்காடு. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறு டிகிரிக்கு மேல் குறையும். சேலத்தில் 39 டிகிரி கொளுத்தும் நாளில்கூட மேலே 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். பகலில் இளம் வெயில் உண்டு. ராத்திரி போர்வை தேவைப்படும்.

எப்போது போவது?

ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை சீசன். மே மாதக் கோடை விழாவின்போது அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கும். பூக்களைப் பார்க்க ஆசையென்றால் அப்போது போகலாம், ஆனால் கூட்டமும் வாடகையும் கூடுதல். அமைதி வேண்டுமென்றால் செவ்வாய் முதல் வியாழன் வரை நல்ல நாட்கள்.

எப்படிப் போவது?

முதல் வேலை ரயில் டிக்கெட். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே திறந்துவிடும். சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பும் ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியும் முன்பே சேலம் ஜங்ஷன் சேர்ந்துவிடும். பெயர்தான் ஏற்காடு, ரயில் மலையேறாது. சேலத்தில் மறக்காமல் இறங்கிவிட வேண்டும், அலாரம் வைத்துக்கொள்வோம்.

வெளிச்சம் வரும்வரை ஸ்டேஷனிலேயே இருந்துவிட்டு, சேலம் புதிய பேருந்து நிலையம் போய் அரசுப் பேருந்து பிடிக்கலாம். மேலே ஏற ஏறக்குறைய ஒரு மணி நேரம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். தலை சுற்றுவோர் முன்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள்; வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

எங்கே தங்குவது?

பேருந்தில் போகிறோம் என்றால் ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் அறை எடுப்பதே வசதி. சாப்பாடு, படகு எல்லாம் நடக்கும் தூரம். எஸ்டேட் விடுதிகள் அழகானவை, ஆனால் வண்டி இல்லாமல் சிரமம். காலையில் சீக்கிரமே போய்விடுவோம் என்பதால், அறை தரும் நேரத்தைப் புக் செய்யும்போதே கேட்டுக்கொள்வோம்.

என்ன பார்ப்பது?

முதல் நாள் ஏரியில் படகு, அண்ணா பூங்கா, மாலையில் லேடீஸ் சீட் காட்சி முனை. இருட்டியதும் கீழே சேலம் நகரம் விளக்குகளாக விரிந்து கிடக்கும்.

இரண்டாம் நாள் காலை சேர்வராயன் கோயில். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும் இருக்கிறார்கள். வெளியே வந்தால் திறந்த மலையுச்சியில் காற்று ஆளைத் தள்ளும். பிறகு பக்கோடா பாயிண்ட், ஆர்க்கிட் பூங்கா. கிளியூர் அருவியில் கோடையில் தண்ணீர் இருப்பது அரிது. மழை பெய்ததா என்று விசாரித்துவிட்டு இறங்குவோம்.

பட்டியலை முடிக்க ஓட வேண்டாம். காப்பித் தோட்டத்துச் சாலையில், சில்வர் ஓக் நிழலில் அரை மணி நேரம் நடந்தாலே வந்த வெக்கை தணிந்துவிடும்.

எவ்வளவு செலவு?

இருவருக்கு, ஒரு ராத்திரி தங்கல், தோராயமாக:

- ஸ்லீப்பர் ரயில், போக வர: 1,000 ரூபாய்
- பேருந்து, ஆட்டோ: 500 ரூபாய்
- சாதாரண அறை: 2,000 முதல் 2,500 ரூபாய்
- சுற்றிப் பார்க்க வாடகை வண்டி: 1,500 முதல் 2,000 ரூபாய்
- சாப்பாடு, படகு, நுழைவுச் சீட்டு: 2,000 ரூபாய்

எட்டாயிரம் கையில் இருந்தால் தாராளம். மிளகும் காப்பித்தூளும் வாங்க இன்னும் ஐநூறு வைத்துக்கொள்வோம்.

எதில் கவனம்?

- சொந்தக் காரில் வந்தால், இறங்கும்போது குறைந்த கியரிலேயே வாருங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுவது மலைச்சாலை மரியாதை.
- குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடுக்காதீர்கள். கையில் பையை ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள்.
- ஸ்வெட்டர், குடை இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கோடை மழை சொல்லிக்கொண்டு வராது.
- தண்ணீருக்கு வீட்டிலிருந்தே பாட்டில். பிளாஸ்டிக் குப்பையை மலையில் விட்டுவிட்டு வர வேண்டாம். அடுத்த கோடைக்கும் நமக்கு இந்தக் குளிர்ச்சி வேண்டும்.

காலண்டரை எடுங்கள், ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறியுங்கள். முதலில் ரயில் டிக்கெட், பிறகு அறை. மற்றதெல்லாம் இருபதாவது வளைவைத் தாண்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.